ஞாயிறு சுருங்கி, சனிக்கிழமை வீங்கும் லாக் கோப்பு

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2017 என்ற மென்பொருளில் ஒரு தரவுத்தளம் ஓடுகிறது. தரவுக் கோப்பு 40 ஜி.பி.தான். ஆனால் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பரிவர்த்தனை லாக் கோப்பு (எல்.டி.எஃப்.) ஒவ்வொரு சனிக்கிழமையும் 190 ஜி.பி.யைத் தொட்டுவிடுகிறது. கோப்பின் வளர்ச்சி 10 சதவீதம் என்று அமைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு முன் இருந்தவர் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு ஜாப் அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது ஞாயிறு காலை 6 மணிக்கு ரெக்கவரி முறையை (லாக் குறிப்புகளை எதுவரை வைத்திருப்பது என்ற அமைப்பை) சிம்பிளுக்கு மாற்றி, லாக் கோப்பைச் சுருக்கி, மறுபடியும் ஃபுல்லுக்குத் திருப்பிவிடும். ஞாயிறும் எங்களுக்கு வேலை நாள்தான். ஆனாலும் அன்று முழுவதும் கோப்பு சின்னதாகவே இருக்கிறது. திங்கள் காலை வந்து பார்த்தால் 30 ஜி.பி. ஆகியிருக்கும். தினமும் இரவு 11 மணிக்கு ஃபுல் பேக்கப் எடுக்கிறோம். அதிகாலை 2 மணிக்கு, தேடலை வேகமாக்கும் எல்லா இண்டெக்ஸ்களையும் ரீபில்டு செய்யும், அதாவது மறுபடி கட்டும் ஜாப் ஓடுகிறது. சென்ற சனிக்கிழமை 200 ஜி.பி. டிரைவ் நிறைந்து, லாக் நிறைந்துவிட்டது என்ற 9002 பிழை வந்து, இரண்டு மணி நேரம் யாராலும் எதையும் பதிய முடியவில்லை. நிரல் எழுதுவதுதான் என் வேலை. தரவுத்தளப் பொறுப்பு மூன்று மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. சர்வீஸை நிறுத்திவிட்டு எல்.டி.எஃப். கோப்பை அழித்துவிட்டால் அதுவே புதிதாக உருவாக்கிக்கொள்ளும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நிரந்தரமாக சிம்பிளுக்கு மாற்றிவிடு என்கிறார் இன்னொருவர். லாக் கோப்பைச் சின்னதாகவே வைத்துக்கொள்ள என்ன வழி?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மற்ற எதையும் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்.டி.எஃப். கோப்பை அழிக்காதீர்கள். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒருமுறை அது பலித்திருக்கும். பாதியில் நிற்கும் பரிவர்த்தனை எதுவும் இல்லாமல் தரவுத்தளம் முறையாக மூடப்பட்டிருந்தால், லாக் கோப்பு இல்லாதபோது எஸ்.க்யூ.எல். சர்வரால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும். ஒரே ஒரு பரிவர்த்தனை முடியாமல் நின்றிருந்தாலும் முடியாது.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதுதான் நடந்தது. டிரைவ் நிறைந்துவிட்டது. இரவுப் பணியில் இருந்தவர் சர்வீஸை நிறுத்தி, இருப்பதிலேயே பெரிய கோப்பைத் தேடி அழித்துவிட்டார். அது லாக் கோப்பு. மாத இறுதிக் கணக்கு அப்போது பாதியில் இருந்தது. சர்வீஸைத் திரும்பத் தொடங்கியபோது தரவுத்தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'ரெக்கவரி பெண்டிங்' (மீட்பு பாக்கி) என்று வந்து நின்றது. முந்தைய இரவின் பேக்கப்பை மீட்டெடுத்தோம். இடைப்பட்ட ஒரு நாள் பதிவுகளைக் காகித ரசீதுகளைப் பார்த்து இரண்டு நாட்கள் தட்டச்சு செய்தோம். சில ரசீதுகள் கடைசிவரை கிடைக்கவில்லை. டிஸ்க்கில் இடம் வேண்டும் என்பதற்காக லாக்கை அழிப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போன்றது.

இந்தத் தவறு இத்தனை பேருக்கு நேர்வதற்கு 'லாக்' என்ற பெயரே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். லாக் என்றால் இணைய சர்வர் எழுதிவைக்கும் வருகைக் குறிப்பு போல, இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இதே வேலையைச் செய்யும் கோப்புகள் இருந்த அடைவுக்கு 'பி.ஜி. எக்ஸ்லாக்' என்று பெயர். பெயரில் லாக் இருக்கிறதே என்று ஆட்கள் அதை அழித்துத் தரவை இழந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அதன் பெயரை 'பி.ஜி. வால்' (முன்கூட்டி எழுதும் லாக் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மாற்றினார்கள்.

பழைய கணக்குப் பிள்ளைகளின் முறையை நினைத்துப் பாருங்கள். வரவோ செலவோ நடந்தவுடன் முதலில் நாள்வழியில் எழுதுவார்கள். பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டாலும் நாள்வழியைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம். தரவுக் கோப்புதான் உங்கள் பேரேடு. லாக் கோப்புதான் நாள்வழி. ஒரு பரிவர்த்தனை 'முடிந்தது' என்று பயனருக்குச் செய்தி போவதற்கு முன், அதன் குறிப்பு லாக் கோப்பில், டிஸ்க்கில், எழுதப்பட்டிருக்க வேண்டும். தரவுப் பக்கங்கள் அதற்குப் பிறகு, செக்பாயிண்ட் வரும்போது, அதாவது நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் இறக்கும் நேரத்தில், மெதுவாக எழுதப்படும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், சர்வர் முடிந்தவற்றை லாக்கைப் பார்த்து மறுபடி செய்யும். முடியாதவற்றை லாக்கைப் பார்த்தே திரும்பப் பெறும். ஐ.பி.எம். ஆய்வாளர் சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992-இல் விரிவாக வெளியிட்ட ஏரீஸ் என்ற மீட்பு முறை இது. எஸ்.க்யூ.எல். சர்வரின் மீட்பும் அதையே பின்பற்றுகிறது. எனவே அந்த 190 ஜி.பி.யைக் குப்பை என்று நினைக்க வேண்டாம். அது ஏன் அவ்வளவு சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஞாயிறு வேலை நடந்தும் கோப்பு சின்னதாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

லாக் கோப்பு உள்ளே பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், வி.எல்.எஃப். என்பார்கள். முதல் துண்டு நிறைந்தால் அடுத்தது, அது நிறைந்தால் அதற்கடுத்தது என்று எழுதிக்கொண்டே போய், கோப்பின் முடிவை எட்டியதும் மீண்டும் தொடக்கத்துக்கு வரும். அங்கே இருக்கும் துண்டு யாருக்கும் தேவையில்லை என்றால் அதன்மேலேயே எழுதிக்கொண்டு சுற்றும். தேவை என்றால் எழுத இடமில்லை, கோப்பு வளரும். தேவையில்லாத துண்டுகளை 'இனி இதில் எழுதலாம்' என்று குறித்து வைப்பதற்கு டிரங்கேட் என்று பெயர். இதனால் கோப்பின் அளவு ஒரு பைட் கூடக் குறையாது. கோப்பின் அளவையே குறைப்பது ஷ்ரிங்க். இவை வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சிம்பிள் முறையில் செக்பாயிண்ட் நடக்கும்போதே டிரங்கேட் நடந்துவிடும். ஃபுல் முறையில் லாக் பேக்கப், அதாவது லாக்கை மட்டும் தனியாகப் பேக்கப், எடுத்தால்தான் நடக்கும். ஃபுல் பேக்கப் எடுத்தால் லாக் காலியாகிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது தவறு. நீங்கள் தினமும் 11 மணிக்கு எடுக்கும் பேக்கப்புகள் எத்தனை ஆனாலும் லாக்கில் ஒரு துண்டைக்கூட விடுவிக்காது.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 6 மணிக்கு அந்த ஜாப் சிம்பிளுக்கு மாற்றியதும், அதுவரை இடைவெளியில்லாமல் சேர்ந்த குறிப்புகளின் தொடர், அதாவது லாக் சங்கிலி, அறுந்துவிடுகிறது. உடனே ஃபுல்லுக்குத் திருப்பினாலும், ஒரு ஃபுல் பேக்கப்போ டிஃபரென்ஷியல் பேக்கப்போ (கடைசி ஃபுல் பேக்கப்புக்குப் பிறகு மாறியவை மட்டும்) எடுக்கும்வரை சங்கிலி மறுபடியும் தொடங்காது. அதுவரை பெயருக்கு ஃபுல், நடத்தையில் சிம்பிள். அதனால்தான் ஞாயிறு முழுவதும் கோப்பு வளரவில்லை. இரவு 11 மணி ஃபுல் பேக்கப் புதிய சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. அந்தக் கணத்திலிருந்து ஒரு குறிப்பையும் விட்டுவிடக் கூடாது என்று சர்வர் காத்து வைக்கிறது. 2 மணிக்கு இண்டெக்ஸ் ரீபில்டு 30 ஜி.பி. எழுதுகிறது. லாக் பேக்கப் என்று ஒன்று உங்கள் பட்டியலிலேயே இல்லை. திங்கள் முதல் சனி வரை ஆறு இரவுகள். 190-ஐ ஆறால் வகுத்தால் நாளுக்கு 31 ஜி.பி.யைத் தாண்டுகிறது. திங்கள் காலையில் நீங்கள் பார்க்கும் அளவோடு இது ஒத்துப்போகிறது. அப்படியானால் வளர்ச்சியின் பெரும்பகுதி உங்கள் பயனர்கள் செய்யும் வேலையால் வரவில்லை. இரவு ஜாப்தான் எழுதுகிறது.

இதில் என்னை வருத்துவது டிஸ்க் இடம் இல்லை. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு யாரோ ஒருவர் நிபந்தனை இல்லாமல் ஒரு டெலீட் ஓட்டி, ஒரு அட்டவணையையே காலி செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது ஞாயிறு காலை 7 மணிக்குத்தான் தெரிய வருகிறது. சனிக்கிழமை இரவே தெரிந்திருந்தால் அந்த லாக்கைப் பேக்கப் எடுத்து, 4.59-க்குத் தரவுத்தளத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் 6 மணிக்கே ஜாப் ஓடிவிட்டது. வாரம் முழுவதும் இடத்தை அடைத்துக்கொண்டு காத்துவைத்த வரலாறு, தேவைப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிழிக்கப்பட்டுவிட்டது. வெள்ளி இரவு 11 மணி பேக்கப்தான் மிச்சம். சனிக்கிழமை வேலை முழுவதும் போயிற்று. லாக் இருக்கும் டிரைவ் பழுதானாலும் இதே கதிதான். ஃபுல் முறைக்கான விலையை ஆறு நாட்கள் முழுதாகக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் அதன் பலனைத் தூக்கி எறிகிறீர்கள்.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கச் சொல்வேன். லாக் கோப்பை எப்படிச் சின்னதாக வைப்பது என்று கேட்பதற்கு முன், எத்தனை நிமிட வேலையை இழந்தால் உங்கள் அலுவலகம் தாங்கும் என்று கேளுங்கள். இதை நீங்கள் ஒருவரே உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. தரவுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவரிடம் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு நாள் போனாலும் பரவாயில்லை, மூலக் கோப்புகளிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்வோம்' என்று அவர் சொன்னால், உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதே சரி. சிம்பிளுக்கு மாற்றிவிடுங்கள். அது தாழ்ந்த முறை ஒன்றுமில்லை. அறிக்கைகளுக்கான தரவுத்தளங்களுக்கு நானே அதைத்தான் வைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் உட்கார்ந்து பதிவு செய்கிற இடத்தில் அப்படி ஒரு பதில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது' என்று வந்தால், ஃபுல் முறையோடு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப். லாக் பேக்கப்பின் இடைவெளிதான் நீங்கள் இழக்கத் துணிந்த நேரம். கோப்பின் அளவு அந்த முடிவைப் பின்தொடர்ந்து தானாக அமையும்.

லாக் பேக்கப்பைத் தரவோ லாக்கோ இருக்கும் டிரைவிலேயே எழுதாதீர்கள். வேறு இயந்திரத்துக்குப் போகட்டும். சங்கிலியில் நடுவில் ஒரு கோப்பு தொலைந்தாலும், அதற்குப் பிந்தையவற்றை அந்த வரிசையில் பயன்படுத்த முடியாது. வேறு யாராவது தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கையால் லாக் பேக்கப் எடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொண்டால் சங்கிலியின் ஒரு கண்ணி அவரிடம் போய்விடும். பிரதி வேண்டுமென்றால் சங்கிலியைத் தொடாத 'காப்பி ஒன்லி' முறையில் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: லாக் பேக்கப்பை 'நல்' என்ற இல்லாத இடத்துக்கு எழுதி லாக்கை விடுவிக்கும் தந்திரம் ஒன்று உலவுகிறது. அதைச் செய்தால் சங்கிலி அப்படியே இருப்பதாக சர்வர் நம்பிக்கொண்டிருக்கும். கண்ணி மட்டும் எங்கும் இருக்காது. 2008-ஆம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் 'டிரங்கேட் ஒன்லி' என்ற விருப்பத்தை நீக்கியது, இப்படி லாக்கைத் தூக்கி எறியும் பழக்கத்துக்கு முடிவு கட்டத்தான்.

இனி அந்த 2 மணி ஜாப். எல்லா இண்டெக்ஸ்களையும் ஒவ்வோர் இரவும் ரீபில்டு செய்வதற்கு நியாயமான காரணம் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஃபுல் முறையில் ரீபில்டு முழுவதும் லாக்கில் எழுதப்படும். இண்டெக்ஸ் எவ்வளவு பெரியதோ ஏறத்தாழ அவ்வளவு. லாக் பேக்கப் தொடங்கினாலும் அந்த 30 ஜி.பி. மறைந்துவிடாது, லாக் கோப்பிலிருந்து பேக்கப் கோப்புகளுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அந்த ஜாபை வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். அதிலும் உண்மையிலேயே சிதறிப்போன, பெரிய இண்டெக்ஸ்களை மட்டும் எடுங்கள். சிதறல் 30 சதவீதத்தைத் தாண்டினால் ரீபில்டு, அதற்குக் கீழே ரீஆர்கனைஸ் (இருப்பதையே ஒழுங்குபடுத்துவது), 5 சதவீதத்துக்குக் கீழே ஒன்றும் வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு. தொடங்குவதற்கு அது போதும். ஆயிரம் பக்கங்களுக்குக் குறைவான இண்டெக்ஸ்களைத் தொடவே வேண்டாம். தினமும் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸை (தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பை) புதுப்பியுங்கள். ரீபில்டு செய்தபிறகு வினவல்கள் வேகமாகிவிட்டன என்று மகிழ்கிறவர்களில் பலருக்கு உண்மையில் உதவியது, ரீபில்டோடு சேர்ந்து புதுப்பிக்கப்பட்ட ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான்.

ரீபில்டு நேரத்தில் மட்டும், பெரிய வேலைகளைச் சுருக்கமாக லாக்கில் குறிக்கும் பல்க் லாக்டு முறைக்கு மாறலாமே என்று யாராவது சொல்வார்கள். லாக் கோப்பு சின்னதாக இருக்கும், உண்மை. ஆனால் அடுத்த லாக் பேக்கப் அந்தத் தரவுப் பகுதிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அந்தப் பேக்கப்புக்குள் இருக்கும் குறிப்பிட்ட ஒரு நிமிடத்துக்குத் திரும்ப முடியாது. உங்களுக்கு பல்க் லாக்டு தேவைப்படாது.

இவற்றை மாற்றி இரண்டு வாரம் ஓடவிட்டால்தான் கோப்பின் சரியான அளவு தெரியும். அதை ஊகிக்க வேண்டியதில்லை. சர்வர் தன் குறிப்புகளை வைத்திருக்கும் எம்.எஸ்.டி.பி. தரவுத்தளத்தில் 'பேக்கப்செட்' என்ற அட்டவணையில் ஒவ்வொரு பேக்கப்பின் அளவும் நேரமும் பதிந்திருக்கும். லாக் பேக்கப்புகளை மட்டும் எடுத்து, எந்த நேரத்தில் எது பெரியது என்று பாருங்கள். அதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒரே பரிவர்த்தனையாக ஓடும் மிகப் பெரிய வேலை. 9 ஜி.பி. இண்டெக்ஸ் ஒன்றை ரீபில்டு செய்தால் அது முடியும்வரை, நடுவில் எத்தனை லாக் பேக்கப் எடுத்தாலும், அது எழுதிய இடம் விடுபடாது. தவிர, ஒரு பரிவர்த்தனை தோற்றால் திரும்பப் பெறுவதற்கு வேண்டிய இடத்தையும் சர்வர் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும். ஆகவே எழுதுவதைவிடக் கூடுதலாகவே இடம் வேண்டும். இரண்டாவது, ஃபுல் பேக்கப் ஓடும் நேரம். அப்போது லாக் பேக்கப் எடுக்க முடியும். ஆனால் ஃபுல் பேக்கப் முடியும்வரை டிரங்கேட் தள்ளிப்போகும். இவையெல்லாம் சேர்ந்து, நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், 16 ஜி.பி. அளவில் தொடங்கலாம் என்று எனக்குப் படுகிறது. உங்கள் அளவீடு வேறு சொன்னால் என் எண்ணை விட்டுவிட்டு அளவீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்தபின் ஒரே ஒருமுறை சுருக்குங்கள். ஷ்ரிங்க் என்றால் வாழ்நாளில் கூடாது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காரணத்தைச் சரிசெய்தபிறகு ஒருமுறை சுருக்குவது சிகிச்சை. காரணத்தை விட்டுவிட்டு வாரந்தோறும் சுருக்குவதுதான் கெடுதல். ஓர் அமைதியான நேரத்தில் லாக் பேக்கப் எடுத்துவிட்டு, ஷ்ரிங்க்ஃபைல் கட்டளையை 1 ஜி.பி. என்ற இலக்கோடு கொடுங்கள். முதல் முறை கோப்பு அசையாமல் நின்றால் பதறாதீர்கள். கோப்பின் கடைசியிலிருந்துதான் வெட்ட முடியும். கடைசித் துண்டு பயன்பாட்டில் இருந்தால் வெட்ட முடியாது. 'டி.எம். டி.பி. லாக் இன்ஃபோ' என்ற காட்சியில் (சர்வர் தன் நிலையைக் காட்டும் அட்டவணை) ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி வரும். கடைசி வரியில் 'ஆக்டிவ்' என்ற பத்தியில் 1 இருந்தால் அதுதான் தடை. இன்னொரு லாக் பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி சுருக்குங்கள். எழுதும் இடம் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்ந்ததும் கோப்பு சுருங்கிவிடும்.

சுருங்கியதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். நீங்களே அதை முதலில் 8 ஜி.பி., பிறகு 16 ஜி.பி. என்று இரண்டு படிகளில் வளர்த்துவிடுங்கள். இவ்வளவு பெரிய வளர்ச்சியில் ஒவ்வொரு படிக்கும் 16 துண்டுகள் உருவாகும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு துண்டும் சுமார் அரை ஜி.பி. இருக்கும். குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் வளரவிட்டால் துண்டுகள் ஆயிரக்கணக்கில் பெருகி, சர்வர் திரும்ப எழும்போதும் மீட்டெடுக்கும்போதும் நேரம் தின்னும். தானியங்கி வளர்ச்சியை 10 சதவீதத்திலிருந்து 1 ஜி.பி. என்ற நிலையான அளவுக்கு மாற்றுங்கள். 2016-ஆம் பதிப்பிலிருந்து புதிய தரவுத்தளங்களுக்கு 64 எம்.பி.தான் இயல்பான வளர்ச்சி. உங்களுடையது 10 சதவீதம் என்றால், பழைய பதிப்பில் பிறந்து, தன் அமைப்புகளைச் சுமந்துகொண்டு வந்த தரவுத்தளமாக இருக்க வேண்டும். 180 ஜி.பி.யில் 10 சதவீதம் 18 ஜி.பி. லாக் கோப்பு வளரும்போது, புதிய இடம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பிய பிறகே பயன்படுத்தும். தரவுக் கோப்புக்கு இருக்கும் உடனடித் தொடக்கச் சலுகை உங்கள் பதிப்பில் லாக்குக்குக் கிடையாது. நொடிக்கு 200 எம்.பி. எழுதும் டிஸ்க்கில் அதற்கு ஒன்றரை நிமிடம். அந்த நேரம் முழுவதும் எழுத வந்த எல்லோரும் காத்திருப்பார்கள். வாரக் கடைசியில் மென்பொருள் திடீர் திடீரென்று உறைந்து நிற்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம்.

இத்தனையும் செய்தபிறகும் என்றாவது கோப்பு வளரும். அன்று அளவைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு முன் ஒரு வரியைப் படியுங்கள். 'சிஸ் டேட்டாபேசஸ்' என்ற காட்சியில் 'லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்' என்று ஒரு பத்தி இருக்கிறது. லாக்கை எது பிடித்துவைத்திருக்கிறது என்று சர்வரே அங்கே எழுதிவைத்திருக்கும். இந்த ஒரு பத்தியை யாராவது எனக்கு முன்பே காட்டியிருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும். உங்கள் சர்வரில் இன்று பார்த்தால் 'லாக் பேக்கப்' என்று இருக்கும். லாக் பேக்கப்புக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். 'ஆக்டிவ் டிரான்சாக்ஷன்' என்று வந்தால் யாரோ ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கிறார். 'ரெப்ளிகேஷன்' என்றால், மாற்றங்களை வேறு இடத்துக்கு அனுப்புவதற்காக லாக்கைப் படிக்க வேண்டிய ஜாப் படிக்கவில்லை. மாற்றங்களைப் பதிவு செய்யும் சி.டி.சி. வசதியை யாரோ இயக்கிவிட்டு மறந்திருந்தாலும் இப்படி வரும். 'அவைலபிலிட்டி ரெப்ளிகா' என்றால் தரவுத்தளத்தின் பிரதியை வைத்திருக்கும் இரண்டாம் சர்வர் பின்தங்கியிருக்கிறது அல்லது தொடர்பில் இல்லை.

திறந்துகிடக்கும் பரிவர்த்தனையைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். ஒருமுறை காலையிலிருந்து லாக் பேக்கப்புகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் கோப்பு வளர்ந்துகொண்டே போனது. 'டி.பி.சி.சி. ஓப்பன்டிரான்' கட்டளையைக் கொடுத்ததும் ஒரே ஒரு பரிவர்த்தனை வந்தது. தொடங்கிய நேரம் காலை 9.12. அந்த செஷனின் நிலை 'ஸ்லீப்பிங்'. நல்ல அனுபவமுள்ள ஒருவர் ஒரு வரிசையைத் திருத்துவதற்காக 'பிகின் டிரான்' என்று தொடங்கி, திருத்தி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'கமிட்' கொடுக்காமல் கூட்டத்துக்குப் போய்விட்டார். மாற்றியது ஒரு வரிசை. ஆனால் அந்த ஒரு குறிப்பு இருந்த துண்டையும், அதற்குப் பின்னால் மற்றவர்கள் எழுதிய எல்லாத் துண்டுகளையும் விடுவிக்க முடியாமல் சர்வர் மதியம்வரை சுமந்துகொண்டிருந்தது. லாக் தொடக்கத்திலிருந்துதான் விடுபடும். நடுவில் ஓட்டை போட முடியாது. நிரல் எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். பிழை வந்தால் பரிவர்த்தனையைத் திரும்பப் பெறாமல் இணைப்பை அப்படியே விட்டுவிடும் நிரலும் இதே வேலையைத்தான் செய்யும். பழைய பதிவுகளை நீக்க ஐம்பது லட்சம் வரிசைகளை ஒரே டெலீட்டில் அழிக்கும் நிரலும் அப்படியே. அதை நாலாயிரம் நாலாயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் கொடுத்து ஓட்டுங்கள். ஐயாயிரம் பூட்டுகளை எட்டினால் சர்வர் முழு அட்டவணையையும் பூட்ட முயலும்; அதனால்தான் நாலாயிரம் என்கிறேன். சிம்பிள் முறைக்கும் இது பொருந்தும். அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும் பரிவர்த்தனையின் இடம் விடுபடாது.

மறுபடி 9002 வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் சர்வீஸை மறுதொடக்கம் செய்யாதீர்கள். பாதியில் நிற்கும் பெரிய பரிவர்த்தனையைத் திரும்பப் பெற்று முடிக்கும்வரை தரவுத்தளம் திறக்காமல் போகலாம். இரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமாகும். மேலே சொன்ன 'லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்' பத்தியைப் பாருங்கள். 'லாக் பேக்கப்' என்றிருந்தால் லாக் பேக்கப் எடுங்கள். லாக் நிறைந்த நிலையிலும் அது ஓடும். சில நிமிடங்களில் எழுத இடம் கிடைத்துவிடும். திறந்த பரிவர்த்தனை என்றால் அதன் சொந்தக்காரரைத் தேடி, முடிக்கவோ நிறுத்தவோ சொல்லுங்கள். அதற்கும் அவகாசம் இல்லாவிட்டால், இடமுள்ள வேறொரு டிரைவில் இரண்டாவது லாக் கோப்பு ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்க்கலாம். நிலைமை சீரானதும் அதை நீக்கிவிடுங்கள். இரண்டு லாக் கோப்பு இருந்தால் வேகம் கூடும் என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டாம். சர்வர் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதன் வரிசை இது. ஞாயிறு 6 மணிக்கு முன் அந்தச் சுருக்கும் ஜாபை முடக்குங்கள். ஆனால் அதற்கு முன்பே முதல் லாக் பேக்கப்பை எடுத்துவிடுங்கள். அது இப்போதைய லாக் அளவுக்குப் பெரிதாக வரும், இடம் பார்த்து வையுங்கள். பதினைந்து நிமிட ஜாபை இயக்குங்கள். ஜாப் தோற்றால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். சத்தமில்லாமல் நின்றுபோன லாக் பேக்கப் ஜாப் உங்களை மறுபடியும் இதே சனிக்கிழமையில் கொண்டுவந்து விடும். பிறகு, ரீபில்டை வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். சுருக்குவது இரண்டு வாரம் கழித்து.

அந்த இரண்டு வாரக் காத்திருப்பில் ஒரு நாள், வேறொரு சர்வரில், புதன்கிழமை காலை 11.40 என்று ஏதாவது ஒரு நேரத்தைத் தேர்ந்துகொண்டு, செவ்வாய் இரவின் ஃபுல் பேக்கப்பையும் அதற்குப் பிறகு வந்த லாக் பேக்கப்புகளையும் வரிசையாக ஏற்றி, சரியாக அந்த நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். 11.39-க்குப் பதிந்த பதிவு இருக்க வேண்டும், 11.41-க்குப் பதிந்தது இருக்கக் கூடாது. எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணைத் தரவின் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.